மாணவர் தோட்டத்தில் என்ன கோளாறு? இலையைப் பார்க்கும் முன் நோட்டைப் பாருங்கள்

கல்லூரி வளாகத்தில் மாணவர்களே பாத்தி போட்டு, முறைவைத்துத் தண்ணீர் ஊற்றி, விளைந்ததைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டுத் தோட்டம் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். பருவத்துக்குப் பருவம் புது மாணவர்கள் வருகிறார்கள். வந்த மூன்றாவது வாரத்தில் அலைபேசிக்கு ஒரு படமும் அதன் கீழே ஒரு வரியும் வரும்: "இலை மஞ்சளாகிவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம்?" படத்தை மட்டும் வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடிவதில்லை. கடைசியாக யார், எப்போது தண்ணீர் விட்டார்கள் என்று திருப்பிக் கேட்பேன். பாதி நேரம் விடை அங்கேயே வந்துவிடும்.

அதனால் குழாயடியில் ஒரு நோட்டு தொங்கவிட்டிருக்கிறோம். தேதி, பெயர், எந்தப் பாத்தி, என்ன செய்தோம், என்ன கண்ணில் பட்டது என்று ஐந்தே பத்திகள். அலைபேசிக் குழுவில் எழுதினால் போதாதா என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். போதாது. பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் அது புதைந்துபோகும்.

கீழே உள்ளதை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் தோட்டத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், செலவு வைப்பது கடைசியில். வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மருந்து வாங்கி வந்த பிறகு குழாய் அடைத்திருந்ததைக் கண்டுபிடித்த குழுக்கள் ஒன்றிரண்டு அல்ல.

## அறிகுறி: செடி வாடித் தொங்குகிறது

முதலில் நேரத்தைப் பாருங்கள். உச்சி வெயிலில் வாடி, மாலையில் தானாக நிமிர்ந்துவிட்டால் அது கோளாறே இல்லை. வெள்ளரி, பூசணி போன்ற அகன்ற இலைக்காரர்கள் தினமும் இதைச் செய்வார்கள். மதியம் இரண்டு மணிக்கு வகுப்பு முடிந்து வருபவர் பதறிப்போய் ஒரு குடம் ஊற்றுவதுதான் அங்கே உண்மையான கோளாறு.

காலை ஏழு மணிக்கே வாடியிருந்தால் விரலை மண்ணில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு விடுங்கள். இங்கிருந்து பாதை பிரிகிறது.

### மண் காய்ந்திருக்கிறது

நோட்டைப் பாருங்கள். சனி, ஞாயிறு வரிசை காலியாக இருக்கும். நிறையத் தண்ணீர் விட்டுவிட்டு மாலையில் வந்து பாருங்கள், நிமிர்ந்திருந்தால் முடிந்தது. அப்புறம் இரண்டு வேலை: மண்மேல் காய்ந்த இலை அல்லது வைக்கோலை ஐந்து சென்டிமீட்டர் மூடாக்காகப் பரப்புங்கள், வார இறுதிக்கு விடுதியில் தங்குபவர் ஒருவரின் பெயரைப் போடுங்கள்.

### தண்ணீர் ஊற்றியிருக்கிறது, ஆனாலும் உள்ளே காய்ந்திருக்கிறது

வளர்பைகளில் அடிக்கடி வருவது இது. கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கலவை ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. ஊற்றியது பையின் ஓரமாக வழிந்து அடியில் ஓடிவிடும். ஊற்றியவர் அதைப் பார்த்து நன்றாக நனைந்துவிட்டது என்று நோட்டில் எழுதிவிட்டுப் போவார். சோதனை எளிது: பையைத் தூக்கிப் பாருங்கள். ஈரப் பை கனக்கும், இது பஞ்சு மாதிரி வரும். ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பையை அப்படியே உள்ளே வைத்து, குமிழி நிற்கும்வரை விடுங்கள். தூக்க முடியாத அளவு பெரிய பை என்றால் அரை மணி இடைவெளியில் மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

### மண் சொதசொதவென்று இருக்கிறது

இதுதான் மாணவர் தோட்டத்தின் சொந்த நோய். காலையில் ஒரு குழு ஊற்றும், மாலையில் இன்னொரு குழு ஊற்றும், இருவரும் நல்லவர்கள். வேருக்குக் காற்று கிடைக்காமல் செடி வாடும், வாடியதைப் பார்த்து மூன்றாமவர் ஊற்றுவார்.

பையின் வடிதுளைகளைப் பாருங்கள். சிமெண்ட் தரையில் தட்டையாக உட்கார்ந்திருந்தால் துளை இருந்தும் இல்லாத கணக்குதான். இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். மூன்று நான்கு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். "இந்தப் பாத்திக்கு ஊற்றாதே" என்று அட்டை எழுதி நட்டால்தான் நிற்கும், வாய்ச்சொல் போதாது.

அப்படியும் நிமிராவிட்டால் மோசமாக உள்ள ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் வெண்மையாக, விறைப்பாக இருந்தால் மீதிச் செடிகளுக்கு வாய்ப்பு உண்டு. பழுப்பாகி, இரண்டு விரலால் உருவினால் மேல்தோல் கழன்று நூல் மட்டும் மிஞ்சினால் வேரழுகல். அந்தச் செடி தேறாது. அந்தப் பையின் மண்ணை வேறு செடிக்கு உடனே மாற்றிப் போடாதீர்கள்.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால்? இங்கே மாணவர்கள் தடுமாறுவார்கள், ஏனென்றால் பயறு வகை வேரில் முடிச்சு இருப்பது நல்லது என்று வகுப்பில் படித்திருப்பார்கள். நகத்தால் தட்டிப் பாருங்கள். வேரின் பக்கத்தில் மணிபோல ஒட்டிக்கொண்டு, தட்டினால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது நல்ல முடிச்சு. வேரே வீங்கியதுபோல் இருந்து, உதிராவிட்டால் நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் நுண்ணிய புழு. தக்காளி, வெண்டை வேரில் முடிச்சு தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், நூற்புழுதான். அந்தப் பாத்தியை நனைத்து, கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களில் மண் அணைத்து, நல்ல வெயில் காலத்தில் நான்கிலிருந்து ஆறு வாரம் விடுங்கள். நீண்ட விடுமுறை வெயில் காலத்தில் வந்தால் இதற்கு அதைவிடத் தோதான நேரம் இல்லை.

### ஒரு செடி மட்டும், பச்சையாக இருக்கும்போதே திடீரென

தக்காளி, கத்தரி, மிளகாயில் நேற்று நன்றாக இருந்த செடி இன்று மஞ்சளாகாமலே தொங்கினால் பாக்டீரியா வாடலைச் சந்தேகியுங்கள். தண்டை அடியில் வெட்டி, வெட்டிய முனை மூழ்கும்படி தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் ஆட்டாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற இழை இறங்கினால் உறுதி. ஆய்வகம் தேவைப்படாத சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கூட்டமாக நின்று பார்ப்பார்கள், யாரும் பேசமாட்டார்கள்.

இதற்கு மருந்து இல்லை. செடியை வேரோடு எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், கம்போஸ்டில் போடாதீர்கள். கத்தியையும் மண்வெட்டியையும் கழுவுங்கள். அந்த இடத்தில் அடுத்த சில பருவங்களுக்குத் தக்காளிக் குடும்பத்தையே கொண்டுவராதீர்கள். ஒரே வாரத்தில் மூன்றுக்கு மேற்பட்ட செடிகள் இப்படிப் போனால் தாவர நோயியல் வல்லுநரிடம் மாதிரியைக் கொண்டுபோக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

## அறிகுறி: இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி. கீழ் இலையா, மேல் இலையா, எல்லாமா?

### கீழே உள்ள முதிர்ந்த இலைகள்

வளர்ந்த செடியில் அடியில் ஒன்றிரண்டு மட்டும் என்றால் அது வயது. கிள்ளிவிட்டுப் போய்விடுங்கள்.

வரிசையாக மேல்நோக்கி ஏறினால் முதலில் ஈரத்தைப் பாருங்கள். சொதசொதப்பு இருந்தால் மேலே உள்ள தலைப்புக்குத் திரும்புங்கள். ஈரம் சரி என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. யாராவது மரத்தூளையோ காய்ந்த இலைகளையோ மண்ணுக்குள் கிளறிவிட்டார்களா என்று நோட்டில் தேடுங்கள். அவற்றை மண்மேல் போட்டால் மூடாக்கு, மண்ணுக்குள் கலந்தால் மட்கும்வரை செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நன்கு மட்கிய உரத்தை இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குச் செடியைச் சுற்றிப் போட்டு இரண்டு வாரம் பொறுங்கள். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. புதிதாக வரும் இலையைப் பாருங்கள்.

### மேலே உள்ள புது இலைகள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புச்சத்துக் குறை. நகர மண்ணில் இது வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இரும்பு இல்லாதது அல்ல, மண் காரமாகிவிட்டது. வளாகத்தில் கட்டட வேலை நடந்திருக்கும், சிமெண்டும் சுண்ணாம்புக் காரையும் மண்ணோடு கலந்திருக்கும். காய்ந்த மண்ணை ஒரு கரண்டி எடுத்து வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அமில கார அளவு 6-க்கும் 7-க்கும் இடையே இருப்பது காய்கறிகளுக்கு நல்லது. 7.5-ஐத் தாண்டினால் இந்த மஞ்சள் தொடங்கும்.

மண்ணில் செருகும் மலிவான அளவுக்கம்பிகளை நான் நம்புவதில்லை. ஒரே பாத்தியில் மூன்று முறை செருகினால் மூன்று எண் காட்டும். கல்லூரியில் வேதியியல் கூடம் இருக்கும்போது அது எதற்கு? அங்கே கேட்டு அளந்துகொள்ளுங்கள்.

இரும்பு உரம் வாங்குவது கடைசி வழி. அதற்கு முன்னால் அந்த இடத்தில் தரைமண்ணை விட்டுவிட்டு வளர்பைக்கு மாறிவிடுவது எளிது.

### பொடிப்பொடிப் புள்ளியாக வெளிறியிருக்கிறது

வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். வறண்ட காற்றும் தூசியும் அதற்குப் பிடிக்கும், அதனால் சாலையோரப் பாத்திகளில்தான் முதலில் வரும்.

### ஓரம் கருகி, மண்மேல் வெண்படலம்

பையில் உப்புத் தேங்கியிருக்கிறது. உரத்தை நிறுத்துங்கள். பையின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள்.

இவை எதற்கும் மசியாமல் புது இலையும் மஞ்சளாகவே வந்தால் மண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பாத்தியில் எட்டுப் பத்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டி எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ. இரும்பு வாளி வேண்டாம். துத்தநாகப் பூச்சு மாதிரியைக் கெடுத்துவிடும்.

## அறிகுறி: இலை சுருண்டு முறுக்கிக்கொள்கிறது

வெயிலில் தக்காளி இலை மேல்நோக்கிக் குழல்போல் சுருண்டாலும் நிறமும் வளர்ச்சியும் சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி கூட்டமாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி திரவச் சோப்பு, மாலையில், இலையின் அடிப்பக்கத்தில். துணி துவைக்கும் தூள் வேண்டாம், இலை பொசுங்கும். தண்டில் எறும்பு ஏறி இறங்கினால் மேலே எங்கோ அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று பொருள்.

வெள்ளை ஈ பறக்கிறது, நுனி இலை சிறுத்துக் கிண்ணம்போல் ஆகிவிட்டது, செடி குட்டையாகிவிட்டது என்றால் நச்சுயிரி (வைரஸ்). பிடுங்க வேண்டியதுதான். மாணவர்களுக்கு மனசு வராது, "இன்னும் பூ இருக்கிறதே" என்பார்கள். ஒன்றை வைத்துக்கொண்டிருந்தால் வரிசை முழுக்கப் போகும்.

இந்த மூன்றும் இல்லாமல், தக்காளியும் அவரையும் பெரணி இலைபோல் மெலிந்து முறுக்கிக்கொண்டு, ஒரு பாத்தி முழுக்கச் சீராக அப்படி இருந்தால் களைக்கொல்லியை யோசியுங்கள். ஒருமுறை எங்களுக்கே வந்தது. மூன்று வாரம் நச்சுயிரி என்று நினைத்துச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, கெட்ட பாத்திகள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஒரே குவியலிலிருந்து உரம் போயிருந்தது. அந்தக் குவியலில் விளையாட்டுத் திடலில் வெட்டிய புல் இருந்தது. அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும் சில மருந்துகள் புல்லில் தங்கி, கம்போஸ்ட் ஆன பிறகும் மிஞ்சியிருக்கும்.

சோதனை: மூன்று தொட்டியில் சந்தேகப்படும் உரத்தோடு மண், மூன்று தொட்டியில் உரமில்லாத மண். எல்லாவற்றிலும் அவரை விதை. மூன்று வாரத்தில் உரத் தொட்டிகளில் மட்டும் இலை முறுக்கினால் அந்தக் குவியலைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். இந்தச் சோதனையை இப்போது ஒவ்வொரு புது உரத்துக்கும் செய்கிறோம். வெளியிலிருந்து வரும் சாணமும் வைக்கோலும் இதில் அடக்கம்.

## அறிகுறி: விதை முளைக்கவில்லை

பொறுமையின்மை முதல் காரணம். முள்ளங்கி நான்கைந்து நாளில் வந்துவிடும், தக்காளிக்கு ஒரு வாரம் பத்து நாள், மிளகாய் மூன்று வாரம்கூட எடுக்கும். மூன்றாம் நாள் மண்ணைக் கிளறி விதை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆழம் இரண்டாவது. விதையின் தடிமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு, அவ்வளவுதான். லெட்டூஸ் விதைக்கு வெளிச்சம் தேவை, மேலே தூவி அழுத்தினால் போதும். மண் 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது உறங்கிவிடும். வெண்டையின் தோல் கடினம், ஓர் இரவு ஊறப்போடுங்கள்.

மூன்றாவது விதையின் வயது. போன குழு விட்டுப்போன பொட்டலங்கள் எல்லாக் கல்லூரித் தோட்டத்திலும் ஒரு டப்பா நிறைய இருக்கும். வெங்காய விதை ஓராண்டு, இரண்டாண்டுக்குமேல் தாங்காது. தக்காளி நான்காண்டு தாங்கும். பத்து விதையை ஈரத் துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் வைத்துப் பாருங்கள். ஏழெட்டு முளைத்தால் வழக்கம்போல் விதைக்கலாம். பாதி முளைத்தால் இரட்டிப்பாகத் தூவுங்கள். மூன்றுக்குக் கீழே என்றால் டப்பாவைக் காலி செய்யுங்கள்.

முளைத்து, இரண்டு இலை விட்டு, அப்புறம் சாய்ந்தால் அது வேறு கதை. மண்மட்டத்தில் தண்டு நூலாக இளைத்திருந்தால் நாற்றழுகல்: நெருக்கமாக விதைத்ததும் அதிக ஈரமும் காரணம். மேலே மணலைத் தூவி, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, காலையில் மட்டும் ஊற்றுங்கள். தட்டும் மண்ணும் புதிதாக இருக்கட்டும். கத்தியால் வெட்டியதுபோல் துண்டாகிக் கிடந்தால் வெட்டுப்புழு. அடி நீக்கிய காகிதக் குவளையை நாற்றைச் சுற்றி மண்ணில் அழுத்தினால் நின்றுவிடும்.

## அறிகுறி: பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

வெள்ளரி, பூசணியில் முதலில் வருபவை ஆண்பூக்கள். அவை உதிரத்தான் செய்யும். பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒன்று தெரிந்தால் பெண்பூ. அந்தக் குட்டிக் காயும் மஞ்சளாகிச் சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை. உயரமான மாடித் தோட்டத்தில் தேனீ வரத்துக் குறைவு. காலை பத்து மணிக்குள் ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண்பூவின் நடுவில் தொடுங்கள். முதல் வகுப்பு எட்டரைக்கு என்றால் அதற்கு முன்னால் வாருங்கள், வேறு வழியில்லை.

தக்காளிக்குத் தேனீ கட்டாயமில்லை, கொத்தை விரலால் சுண்டினால் போதும். பகலில் 35 பாகையைத் தாண்டினாலோ இரவு குளிராமல் இருந்தாலோ பூ உதிரும். அதற்கு நிழல்வலையும் பொறுமையும்தான் மருந்து. செடி கருகருவென்று தழைத்துப் பூவே காணோம் என்றால் தழைச்சத்து அதிகம். உரத்தை நிறுத்துங்கள்.

வெயில் குறைவா என்பதை ஊகிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க மணிக்கொரு முறை, வெயில் விழுகிறதா இல்லையா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு மணி நேரமாகப் பிரித்துக்கொண்டால் வகுப்பு தவறாது. ஆறு மணி நேரத்துக்குக் குறைவென்றால் அந்தப் பாத்தி கீரைக்குத்தான். ஓராண்டுக்குள் சூரியன் வடக்கு தெற்காக ஏறத்தாழ 47 பாகை நகர்கிறது. முதல் பருவத்தில் வெயிலில் குளித்த பாத்தி அடுத்த பருவத்தில் நூலகக் கட்டடத்தின் நிழலில் போய்விடும். எனவே இந்தக் கணக்கைப் பருவத்துக்கு ஒருமுறை எடுங்கள்.

காய் பிடித்து, தக்காளியின் அடிப்பகுதி கறுத்துத் தோல்போல் ஆனால் உடனே முட்டை ஓட்டைக் கொண்டுவருவார்கள். கால்சியம் காய்க்குப் போகாததுதான் காரணம் என்பது சரி. ஆனால் பெரும்பாலும் மண்ணில் அது இருக்கிறது, அதை எடுத்துச் செல்லும் தண்ணீர்தான் ஒழுங்காக வரவில்லை. வெள்ளி மாலையிலிருந்து வறட்சி, திங்கள் காலையில் வெள்ளம். காய் வெடிப்பதற்கும் இதே காரணம். ஓட்டைத் தூளாக்குவதை விட்டு நீர் முறைப் பட்டியலைத் திருத்துங்கள், அடுத்த கொத்து நன்றாக வரும்.

## அறிகுறி: இலையில் ஓட்டை

இரவு ஒன்பது மணிக்கு விளக்கோடு போங்கள். நத்தையும் புழுவும் அப்போதுதான் அகப்படும். கையால் பொறுக்குவதுதான் மருந்து. வழவழப்பான தடம் இருந்தால் நத்தை, கருநிற உருண்டைக் கழிவு இருந்தால் புழு. இலை நடுவே வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போனால் அது ஓட்டையல்ல, இலைத்துளைப்பான் பூச்சி. அந்த இலையைக் கிள்ளி எறியுங்கள். பூச்சிமருந்து தெளிக்கும் முடிவை மாணவர்கள் தாங்களாக எடுக்கக் கூடாது, பொறுப்பாசிரியரின் ஒப்புதல் வேண்டும். பலர் பறித்து அப்படியே வாயில் போடும் தோட்டம் இது.

## அறிகுறி: சொட்டுநீர்க் குழாயின் கடைசிச் செடிக்குத் தண்ணீர் வரவில்லை

முதலில் டைமர். மின்கலம் தீர்ந்திருக்கும், அல்லது மின்கலம் மாற்றியவர் காலை ஆறை மாலை ஆறாக வைத்திருப்பார். அடுத்து வால்வு: பக்கத்துப் பாத்திக்காரர் மூடியிருப்பார், திறக்க மறந்திருப்பார். இவ்வளவும் நோட்டில் இருக்க வேண்டும், இருக்காது.

அப்புறம் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். குழாயின் கடைசி மூடியைத் திறந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். எங்கள் தோட்டத்தில் இந்த இரண்டோடு பத்துக்கு ஏழு முறை வேலை முடிந்துவிடும்.

முடியாவிட்டால் குவளைச் சோதனை. குழாயின் தொடக்கம், நடு, கடைசி மூன்று இடத்திலும் சொட்டானுக்கு (தண்ணீர் சொட்டும் வாய்க்கு) அடியில் ஒரேபோன்ற குவளை வைத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள்.

- மூன்றிலும் குறைவு: அழுத்தம் போதவில்லை. ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். இரண்டு மீட்டர் மேடைமேல் தொட்டி வைத்தால் 0.2 பார். கடையில் விற்கும் பல சொட்டான்கள் 1 பாருக்கானவை. குறைந்த அழுத்தத்துக்கான சொட்டானை வாங்குங்கள், அல்லது ஒரே நேரத்தில் பாதிப் பாத்திக்கு மட்டும் திறங்கள்.
- கடைசியில் மட்டும் குறைவு: குழாய் எங்கோ மடிந்திருக்கிறது அல்லது கசிகிறது. காய்ந்த நாளில் நடந்துபோய் ஈரத் திட்டைத் தேடுங்கள். மண்வெட்டி பட்ட இடமாகத்தான் இருக்கும்.
- அங்கொன்றும் இங்கொன்றும் குறைவு: சொட்டான் அடைப்பு. வெள்ளைப் பொருக்கு என்றால் உப்புநீர். கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். பச்சை வழவழப்பு என்றால் பாசி. தொட்டிக்குள் வெளிச்சம் போகிறது, மூடி போடுங்கள்.

பூமிக்கடியில் போகும் முதன்மைக் குழாய் கசிந்தால் பிளம்பர். மோட்டாரைப் போட்டதும் மின்சாரம் துண்டிக்கப்பட்டால், அல்லது ஈரக் கையில் சுருக்கென்றால், யாரும் தொட வேண்டாம். மின்பணியாளர் வரும்வரை பூவாளிதான்.

## அறிகுறி: கம்போஸ்ட் நாறுகிறது, அல்லது சூடே ஏறவில்லை

அழுகிய முட்டை வாடை என்றால் காற்று போகவில்லை. புரட்டிக் காய்ந்த இலை சேருங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை என்றால் பச்சைக் கழிவு அதிகம், அதற்கும் காய்ந்த இலைதான். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும். சூடேறாத குவியல் பெரும்பாலும் சிறியது: நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் உள்ளே 55 பாகைக்கு மேல் ஏறும். விடுதிச் சமையலறைக் கழிவு ஒரே நாளில் மலைபோல் வந்தால் அன்றே மூடக் காய்ந்த இலை கையிருப்பில் இருக்க வேண்டும். எலி வந்துவிட்டால் வளாகப் பராமரிப்புப் பிரிவிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி இல்லாத கோளாறு: செடி நன்றாக இருக்கிறது, மண்ணை நம்பலாமா?

ஈயம் இலையில் தெரியாது. வண்டிகளுக்கான பெட்ரோலில் ஈயம் கலப்பது உலகம் முழுவதும் நின்றது 2021-இல்தான். அதற்கு முன் சாலையோரம் படிந்தது இன்னும் மண்ணிலேயே இருக்கிறது. பழைய கட்டடச் சுவரை ஒட்டிய மண்ணில் உரிந்த பெயிண்டிலிருந்தும் ஈயம் சேர்ந்திருக்கலாம். பழைய பட்டறை, வாகன நிறுத்தம், குப்பை எரித்த இடம் ஆகியவையும் அப்படியே. விதைக்கும் முன் கன உலோகப் பரிசோதனை செய்துவிடுங்கள். வீட்டுச் சோதனை எதுவும் இதற்கு உதவாது, ஆய்வகம்தான்.

முடிவு வரும்வரை பைகளிலும் உயர்த்திய பாத்திகளிலும் வெளியிலிருந்து வந்த மண்ணில் வளருங்கள். தரைமண்ணில் வளர்த்தே ஆக வேண்டுமென்றால் தக்காளி, வெண்டை போன்ற காய்வகைகள் கீரையையும் கிழங்கையும்விடப் பாதுகாப்பானவை. கீரைக்கும் கிழங்குக்கும் மண்ணும் தூசியும் ஒட்டிக்கொண்டே வரும். வேலை முடிந்ததும் கை கழுவுவது இங்கே சம்பிரதாயம் அல்ல.

## அறிகுறி: மாடித் தோட்டத்துக்குக் கீழே உள்ள வகுப்பறையில் ஈரம்

வடிகால் வாயைப் பாருங்கள், இலை அடைத்திருக்கும். நீக்கிய பிறகும் ஈரம் படர்ந்தாலோ விரிசல் தெரிந்தாலோ பைகளை உடனே இறக்கத் தொடங்குங்கள், கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஈர மண் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு சதுர மீட்டரில் 250 கிலோவை எட்டிவிடும். பல இடங்களில் ஆள் நடமாடும் மொட்டைமாடியைச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ கூடுதல் பாரத்துக்குத்தான் வடிவமைக்கிறார்கள். இதில் மாணவர் குழுவின் வாக்கெடுப்புக்கு இடமில்லை.

## அறிகுறி: ஒரு பாத்தி மட்டும் களை மண்டிக் கிடக்கிறது

மண் காரணமல்ல. பக்கத்துப் பாத்தி நன்றாக இருக்கிறதே.

நோட்டில் அந்தப் பாத்தியின் கடைசிப் பதிவைத் தேடுங்கள். தேர்வு வாரம் என்றால் இரண்டு வாரத்துக்கு அண்டைப் பாத்திக்காரர் பார்த்துக்கொள்வார், திரும்பக் கேட்கும்போது இவர் பார்ப்பார். விளைந்ததை வேறு யாரோ பறித்துக்கொண்டார்கள் என்ற வருத்தத்தில் வராமல் போனவர்களும் உண்டு. அதை நேரில் கேட்டால்தான் சொல்வார்கள். எது பொதுப் பாத்தி, எது தனிப் பாத்தி என்று நிறக்கம்பு நட்டுவிட்டால் இந்தப் புகார் பெருமளவு குறையும்.

மூன்று வாரம் பதிவே இல்லை, செய்திக்கும் பதில் இல்லை என்றால் காத்திருக்காதீர்கள். களையை விதை விடும் முன் வெட்டி அங்கேயே பரப்பி, தட்டைப்பயறை நெருக்கமாகத் தூவிவிடுங்கள். அது மண்ணை மூடிக்கொள்ளும், அதிகம் கேட்காது. பழையவர் திரும்பி வந்தால் அதை மண்ணுக்குள் மடக்கிவிட்டு நடலாம், வராவிட்டால் அடுத்த பருவத்தில் புதியவருக்கு. நோட்டில் அந்தப் பக்கத்தில் புதுப் பெயரை எழுதி, தண்ணீர் முறையையும் சேர்த்தே எழுதுங்கள்.